சின்டாக்ஸ் எரர் வந்தால் மக்கு என்று அர்த்தமா?

புதுப்பட்டினத்துக்காரர் ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். "கல்பாக்கம் பக்கத்துல" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சொந்தப் பெயர் இருக்கிற ஊர்தான், ஆனாலும் பக்கத்து ஊரைச் சொல்லித்தான் அடையாளம். 1971-ல் அங்கே அணு உலை ஆராய்ச்சி மையம் வந்தது. 1985-லிருந்து அதற்கு இந்திரா காந்தியின் பெயர். அதைச் சுற்றி நகரியம், நகரியத்துக்கு வெளியே புதுப்பட்டினம் கடைத்தெரு. விஞ்ஞானியும் ஆட்டோக்காரரும் ஒரே கடையில் தக்காளி பொறுக்குகிற ஊர் இது.

இந்தக் கட்டுரை அணு உலையைப் பற்றியது அல்ல, பயப்பட வேண்டாம் :-) கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில், பழைய லேப்டாப் முன்னால் மூன்று நாளாக உட்கார்ந்திருந்த ஒரு ப்ளஸ் டூ பையனைப் பற்றியது.

பையன் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், கணினி அறிவியல் குரூப். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். லேப்டாப் அவனுடையது அல்ல, பெரியப்பா மகனுக்கு 2013-ல் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப். பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். உள்ளே விண்டோஸ் 7. ஆனாலும் அந்தத் தெருவில் ப்ளஸ் டூ படிப்பவர்களில் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பது அவனுக்கு மட்டும்தான்.

பக்கத்து வீட்டு அக்கா காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போய் வருகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? இவன் மூணு நாளா அந்தப் பொட்டி முன்னாடியே ஒக்காந்துனு இருக்கான். சோறும் ஒழுங்கா துன்றதில்ல. கொஞ்சம் இன்னான்னு பாரேன்."

போய்ப் பார்த்தால் திரையில் ஒரே ஒரு வரி நிரல். 'வணக்கம்' என்று அச்சிடச் சொல்லும் வரி. உலகத்தில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் எல்லோரும் முதலில் எழுதுவது. அதற்குக் கீழே சிவப்பில் ஒரு பிழைச் செய்தி: சின்டாக்ஸ் எரர், இன்வேலிட் கேரக்டர் இன் ஐடென்டிஃபையர்.

"அக்கா, எனக்கு இது வராதுக்கா. நான் பி.காம் போயிடறேன்."

இதைத்தான் கவனிக்க வேண்டும். "இந்த வரி ஓடவில்லை" என்று அவன் சொல்லவில்லை, "எனக்கு வராது" என்றான். ஒரு வரி ஓடாததற்கும் தனக்கு மூளை இல்லை என்பதற்கும் நடுவில் இருந்த தூரத்தை மூன்று நாளில் கடந்துவிட்டான்.

அக்காவுக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. அடைப்புக்குறி சரி, எழுத்துக்கள் சரி, மேற்கோள் குறியும் இருக்கிறது. வரியை அழித்துவிட்டு அவளே கையால் தட்டினாள், ஓடியது. பையன் மறுபடி ஒட்டினான், ஓடவில்லை. அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் எழுத்தளவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இவன் ஒட்டிய வரியில் மேற்கோள் குறி வளைந்திருந்தது.

வாட்ஸ்அப்பில் வந்த நோட்ஸிலிருந்து காப்பி எடுத்திருக்கிறான். அந்த நோட்ஸை யாரோ வேர்டில் தட்டியிருக்கிறார்கள். நேராக இருக்கிற மேற்கோள் குறியை அழகுக்காக வளைத்துப் போடுவது வேர்டின் பழக்கம். புத்தகத்துக்கு அது அழகுதான். பைத்தானுக்கு நேர்க்குறியும் வளைகுறியும் இரண்டு வேறு எழுத்துக்கள். 'ல'வும் 'ள'வும் மாதிரி. அது ஏற்றுக்கொள்வது நேர்க்குறியை மட்டும்தான்.

சரி, குறி தவறு என்றால் 'மேற்கோள் குறி தவறு' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? ஐடென்டிஃபையர் எங்கிருந்து வந்தது? பையன் பாடப்புத்தகத்தில் 'குறிப்பெயர்' என்று படித்து வைத்திருந்தான். மாறிக்கும் செயற்கூறுக்கும் நாம் வைக்கிற பெயர். அதுவும் திரையில் இருக்கிற ஐடென்டிஃபையரும் ஒன்றுதான் என்பது அவன் மனதில் சேரவே இல்லை. சேர்ந்திருந்தாலும் பயன் இல்லை. அவன் எழுதிய வரியில் அவன் வைத்த பெயர் என்று எதுவுமே கிடையாது. இல்லாத ஒன்றில் தப்பு இருக்கிறது என்கிறது கம்ப்யூட்டர்!

இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது, பெயர்களை ஆங்கிலத்தில் மட்டும் வைக்க வேண்டியதில்லை, உலகத்தின் எந்த எழுத்திலும் வைக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். தமிழிலும் வைக்கலாம். அதனால் ஆங்கில விசைப்பலகையில் இல்லாத ஓர் எழுத்தைப் பார்த்தால் "ஏதோ ஒரு மொழியில் பெயர் வைக்கிறார் போல" என்று பைத்தான் நினைத்துக்கொள்கிறது. பிறகு சோதித்து, "இந்த எழுத்து பெயரில் வரக்கூடாதே" என்கிறது. தமிழ்ப் பையனுக்கு வசதியாகத் திறந்த கதவிலேயே அவன் தலை இடித்துக்கொண்டது.

பிந்தைய பதிப்புகளில் இதைத் திருத்திவிட்டார்கள். 'இந்த எழுத்து செல்லாது' என்று அந்த எழுத்தையே எடுத்துக் காட்டும். 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10-ல் பிழைச் செய்திகள் இன்னும் தெளிவாயின. முன்பெல்லாம் அடைப்புக்குறியை மூட மறந்தால் கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று எங்கோ கடைசியில் போய்ப் புலம்பும். இப்போது 'இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை' என்று அந்த இடத்தையே சொல்கிறது.

அதை நிறுவிவிட்டால் போதுமே என்று தோன்றும். முடியாது. விண்டோஸ் 7-ல் ஓடுகிற கடைசிப் பைத்தான் 3.8 தான். 3.9 முதல் அந்தப் பக்கம் வராது. அதாவது புது லேப்டாப் வாங்க முடிந்தவனுக்கு, தெளிவாகப் பேசும் பைத்தான். சார்ஜர் வயரில் உயிர் வாழும் லேப்டாப்காரனுக்கு, புதிர் போடும் பைத்தான். யாருக்கு விளக்கம் அதிகம் தேவையோ அவனுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. திட்டமிடாமலே இப்படி ஆகிவிடுகிறது.

அக்கா விஷயத்தைச் சொன்னதும் பையனுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. "இதுக்காக்கா மூணு நாளு?"

நியாயமான கோபம். ஆனால் முதல் முறையாக அவன் தன் மேல் கோபப்படாமல் அந்தச் செய்தியின் மேல் கோபப்பட்டான்.

இங்கிலீஷில் இருப்பதால்தானே இந்தக் கஷ்டம், எல்லாவற்றையும் தமிழில் செய்துவிட்டால்? அக்காவுக்கும் இந்தக் கேள்வி வந்தது. அப்படி ஒரு முயற்சி ஏற்கெனவே நடந்திருக்கிறது. முத்து அண்ணாமலை 2007 இறுதியில் தொடங்கி, 2009-ல் அறிவித்த 'எழில்' என்ற நிரல் மொழி. பள்ளி மாணவர்கள் தமிழிலேயே நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பதற்காகவே உருவாக்கியது. அதைப் பைத்தானைக் கொண்டுதான் கட்டியிருக்கிறார்கள். அது கட்டற்ற மென்பொருள். எழிலைச் சொல்லித்தர எழுத்தாளர் என். சொக்கனும் அவரும் சேர்ந்து ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து எழிலில் இதைத் தட்டிக் காட்டினாள்:

மதிப்பெண் = 42
@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மறுபடி எழுது"
முடி

"இதைப் படிடா" என்றாள். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பையன் படித்தான். "மதிப்பெண் முப்பத்தஞ்சோ அதுக்கு மேலயோ ஆனால், தேர்ச்சி. இல்லன்னா மறுபடி எழுது. அவ்ளோதானேக்கா?"

அவ்வளவுதான். ஆங்கில நிரல் மொழிகளில் 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பிறகு வரும். தமிழில் நாம் அப்படியா பேசுகிறோம்? "மழை பெய்தால்" என்கிறோம். மழை முதலில் வருகிறது, 'ஆல்' கடைசியில். எழிலில் நிபந்தனையை முன்னால் வைத்துவிட்டு 'ஆனால்' என்பதைப் பின்னால் போடுகிறார்கள். சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் வாக்கியத்தின் வரிசையையும் தமிழாக்கியிருக்கிறார்கள். பையன் தடுக்காமல் படித்ததற்கு அதுதான் காரணம்.

எழிலிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையனே கேட்டான், "ஆனால்னா பட் தானேக்கா?" தனியாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முன்னால் இருக்கிற @ குறி எதற்கு என்றும் கேட்டான். தட்டும்போது தமிழ் எழுத்துக்கும் குறிகளுக்கும் விசைப்பலகையை மாற்றி மாற்றி அவன் விரல் சோர்ந்துபோனது. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், பொதுத்தேர்வில் கேட்பது எழில் அல்ல. 2019-20 முதல் தமிழகப் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான்தான். பதினொன்றில் சி பிளஸ் பிளஸ். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலும் அதே கதை.

அப்படியானால் எழில் வீணா? அந்த வீட்டில் வீண் ஆகவில்லை. நிபந்தனை, மடக்கு, செயற்கூறு என்பவை அவனுக்கு எட்டாதவை அல்ல என்று ஒரே சாயங்காலத்தில் காட்டிக்கொடுத்தது. யோசிக்கிற பகுதி அவனுக்கு வந்துவிட்டது, வராமல் இருந்தது அதைச் சுற்றியிருந்த சுவர்தான். பைத்தானில் இருக்கிற ஆங்கிலக் குறிச்சொற்கள் மொத்தமே 35. ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். திருக்குறளில் எத்தனை அதிகாரம் ஒப்பித்திருக்கிறோம்! அந்த 35 சொற்களைத் தாண்டி மிச்சம் இருப்பதுதான் சுவர். நிறுவுவது, பிழைச் செய்தி, விளக்கம் எல்லாமே ஆங்கிலம். "இது சாதாரணத் தப்புதான், எல்லோருக்கும் வரும்" என்று சொல்ல ஆள் இல்லாததும் அதில் சேர்த்தி.

தமிழில் விளக்கம் கிடைத்தாலும் சொற்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஆங்கிலத்தில் ஃபங்ஷன் என்ற ஒரே சொல். கணக்குப் புத்தகத்தில் அது சார்பு, கணினிப் புத்தகத்தில் செயற்கூறு, எழிலில் நிரல்பாகம், டியூஷனில் ஃபங்ஷன். நாலும் ஒரே குடும்பம் என்று யாராவது உட்கார்ந்து சொன்னால்தான் தெரியும். 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழும், அதில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசைப் புத்தகங்களும் இந்த வேலையைத்தான் செய்துவருகின்றன. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான தமிழ் அது.

வெளியுலகத்திலும் இதே கேள்வியோடு பலர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் சகாக்களும் குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற மொழியைச் செய்தார்கள். நிரலைப் பார்த்து 'சரியா தப்பா' என்று கேட்காமல் 'இதைச் சரிசெய்ய முடியுமா' என்று கேட்கப் பழகுவதுதான் குழந்தைக்குக் கிடைக்கும் பெரிய பாடம் என்பது பேப்பர்ட்டின் கருத்து. 2020-ல் நெதர்லாந்தில் ஃபெலியன் ஹெர்மான்ஸ் 'ஹெடி' என்று ஒரு மொழி செய்தார். படிப்படியாகக் கற்றுக்கொடுத்துக் கடைசியில் பைத்தானுக்குக் கொண்டுபோய் விடும். அதன் முதல் படிகளில் மேற்கோள் குறியே கிடையாது! அச்சிடு என்று சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் எழுதலாம். மேற்கோள் குறி சில படிகள் தாண்டித்தான் வருகிறது. புதுப்பட்டினத்துப் பையனை மூன்று நாள் உட்கார வைத்த அதே குறியை, "முதல் நாளே எதற்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அங்கே தள்ளி வைத்திருக்கிறார்கள்.

பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றித் தர முடியாது. அக்கா மூன்று காரியம் செய்தாள்.

முதலாவது, எ-கலப்பையை நிறுவிப் பைத்தானிலேயே தமிழில் பெயர் வைக்கச் சொன்னாள். குறிச்சொற்கள் ஆங்கிலத்தில், மாறிகளின் பெயர் மட்டும் தமிழில். மதிப்பெண், மொத்தம், சராசரி. 'எக்ஸ்', 'ஒய்' என்று எழுதியபோது எதில் எது இருக்கிறது என்று தொலைந்துபோனவன், 'மொத்தம்' என்று எழுதியபோது தொலையவில்லை. "பரீட்சைல இங்கிலீஷ்ல எழுதிக்கோ, வீட்ல உனக்குப் புரியற மாதிரி எழுது" என்றாள்.

இரண்டாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் திரையில் வருகிற பிழைச் செய்தி, அப்படியே பார்த்து எழுதியது. வலது பக்கம் அதற்குத் தமிழில் அர்த்தம். அர்த்தம் என்றால் அகராதி அர்த்தம் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்பது. 'நேம் எரர்: நீ இன்னும் வைக்காத பெயரைக் கூப்பிடுகிறாய். எழுத்துப் பிழையா என்று பார்.' 'இன்டென்டேஷன் எரர்: வரியின் முன்னால் விட்ட இடைவெளி கோணலாக இருக்கிறது.' முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், 'குறி வளைந்திருக்கிறதா பார்.'

மூன்றாவதைப் பையனேதான் ஆரம்பித்து வைத்தான். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும் செயற்கூறில் 'தமிழ்' என்று கொடுத்துப் பார்த்தான். ஐந்து என்று வந்தது! த, மி, ழ் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூட மூன்று என்று சொல்லும். முன்பாக இருந்தால் "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்" என்று மூடி வைத்திருப்பான். இந்த முறை நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, கம்ப்யூட்டருக்குத் தமிழ் எண்ணத் தெரியலக்கா!"

யூனிகோடு முறையில் 'மி' என்பது 'ம'வும் இகரக் குறியும், 'ழ்' என்பது 'ழ'வும் புள்ளியும். தனித்தனியாக வைத்திருப்பதால் பைத்தான் ஐந்து என்கிறது. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முன்னால் வந்து நின்று எல்லாம் அலங்கோலமாகும். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் சேர்ந்து செய்த 'ஓப்பன் தமிழ்' நிரல் தொகுப்பு இதைச் சரியாக மூன்று என்று எண்ணிக் கொடுக்கும். அக்கா அதைக் காட்டவில்லை. "நீயே எண்ணற மாதிரி எழுத முடியுமா பாரு" என்று விட்டுவிட்டாள். இரண்டு நாள் ஆனது. புள்ளியும் உயிர்க்குறிகளும் வந்தால் எண்ணாமல் விட்டுவிடு என்று ஒரு மடக்கு எழுதினான். அழகான நிரல் இல்லை, ஆனால் மூன்று என்று வந்தது.

இந்த முறையும் உட்கார்ந்தது அதே பழைய லேப்டாப் முன்னால்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று, எதனோடு மோதுகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கருவிகளைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நிரல் எழுதிப் பழகிய கைக்கு, பழகாத கை எப்படி இருந்தது என்பது மறந்துபோகும். சைக்கிள் ஓட்டத் தெரிந்த பிறகு, விழுந்த நாள் ஞாபகம் இருக்கும், ஆனால் ஏன் விழுந்தோம் என்பது ஞாபகம் இருக்காது. அதனால்தான் கற்றுக்கொள்கிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் நல்ல கருவி செய்ய முடியாது. பைத்தானின் பிழைச் செய்திகள் 2021-ல் மேம்பட்டன என்றால், அதற்கு முன் யாரோ ஒருவர் அவற்றைப் படித்துக் குழம்பியவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்திருக்கிறார்.

நாம் எல்லோரும் புது மொழி செய்யப் போவதில்லை. ஆனால் நாற்பது பக்க நோட்டு எழுத யாருக்கு முடியாது? ஜூனியர் ஒருவர் வந்து "ஓடலண்ணா", "வரலக்கா" என்று நின்றால், விசைப்பலகையை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவது சுலபம். நிரல் ஓடும், ஆனால் "இவங்களுக்கு வருது, எனக்கு வரல" என்ற எண்ணம் இன்னும் கெட்டியாகும். அதற்குப் பதில் திரையில் இருக்கிற செய்தியைச் சேர்ந்து படித்து, அதைத் தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கூட ஐந்து நிமிடம்தான் ஆகும்.

போன வாரம் அந்தப் பையனுக்கு வகுப்புத் தோழன் ஒருவனிடமிருந்து போன் வந்தது. அதே நோட்ஸ், அதே வரி, அதே பிழை. திண்ணையில் உட்கார்ந்து பையன் சத்தமாகச் சொன்னது தெருவுக்கே கேட்டது.

"டேய், அழாதடா. அது உன் தப்பில்ல. அந்தக் குறி வளைஞ்சிருக்கா பாரு."

பி.காம் பேச்சை இப்போதைக்குக் காணோம்.